வீட்டில் மின் ஊர்திக்கு மின்னேற்றம்: ஒப்பந்தமும் கட்டணமும்
மும்பை நகரம் தரும் படிப்பினை

மின் ஊர்தி வாங்குவோர் அதன் விலையை விசாரிக்கின்றனர். ஒருமுறை ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கின்றனர். பாட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் அறிந்துகொள்கின்றனர். ஆனால் அந்த ஊர்திக்கு நாள்தோறும் வேண்டிய மின்சாரத்தை எந்த ஒப்பந்தத்தின் கீழ், யார் பெயரில் உள்ள இணைப்பில், என்ன விலைக்குப் பெறப்போகிறோம் என்று ஆராய்வோர் சிலரே.

பெட்ரோலுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மாட்டுங்காவில் கார் வைத்திருப்பவரும் தாராவியில் ஸ்கூட்டர் வைத்திருப்பவரும் ஒரே பம்பில் ஒரே விலையைக் கொடுத்தனர். மின்சாரம் அத்தகையதன்று. கம்பியில் வரும் மின்சாரம் ஒன்றே ஆயினும், வாங்குபவர் எந்த வகை நுகர்வோர், அம்மாதத்தில் அவர் ஏற்கனவே எவ்வளவு செலவழித்துள்ளார், எந்த நேரத்தில் எடுக்கிறார் என்பவற்றைப் பொறுத்து யூனிட்டின் விலை மாறுகிறது. மின்னேற்றத்தின் உண்மையான விலையை நிர்ணயிப்பது ஊர்தியன்று, மின் இணைப்பின் ஒப்பந்தமே. இதனை மும்பையில் தமிழர் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று பகுதிகள், இரு ஏற்பாடுகள்

மும்பையின் மின் விநியோகம் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. கொலாபா முதல் மாகிம், சயான் வரையிலான தீவு நகரத்திற்கு 'பெஸ்ட்' நிறுவனம் மின்சாரம் வழங்குகிறது. 1905-இல் தனியார் கம்பெனியாக மின் வழங்கத் தொடங்கிய இந்நிறுவனம் 1947 ஆகஸ்டில் மாநகராட்சியின் உடைமையாயிற்று. மாட்டுங்காவும் தாராவியும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

சயானைக் கடந்து செம்பூரை அடைந்தால் ஏற்பாடு மாறிவிடுகிறது. புறநகர்ப் பகுதிகளின் விநியோகம் 1929-இல் தொடங்கப்பெற்ற பம்பாய் புறநகர் மின் நிறுவனத்திடமிருந்து ரிலையன்ஸ் நிறுவனத்திற்கும், 2018 ஆகஸ்டில் அதானி மின் நிறுவனத்திற்கும் கைமாறியது. அதே பகுதியில் டாடா மின் நிறுவனத்திற்கும் சில்லறை விநியோக உரிமை உண்டென்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக 2009 முதல் நுகர்வோர், கம்பிகளை மாற்றாமலேயே, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ள வழி ஏற்பட்டது. அங்ஙனம் மாறுவோர் மின்சாரத்தின் விலையைப் புதிய நிறுவனத்திற்கும், கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான வீலிங் கட்டணத்தைக் கம்பிக்கு உரிய நிறுவனத்தின் விகிதத்திலும் செலுத்த வேண்டும். பிறர் கம்பி வழியே மின்சாரம் வழங்கும் இவ்வேற்பாட்டிலிருந்து, நெடுங்காலமாக மின் விநியோகம் செய்துவரும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் விலக்களித்துள்ளது. ஆகவே செம்பூர்வாசிக்குள்ள இத்தெரிவு மாட்டுங்காவாசிக்கும் தாராவிவாசிக்கும் இல்லை.

எந்த நிறுவனமாயினும் கட்டணத்தைத் தானே விதித்துக்கொள்ள இயலாது. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் தனித்தனியே ஆணை பிறப்பித்து விகிதங்களை நிர்ணயிக்கிறது. எனவே ஒருவர் தம் மின் ஒப்பந்தத்தின் சாரத்தை அறிய வேண்டுமானால், இணைப்புப் படிவத்தைவிட ஆணையத்தின் நடப்புக் கட்டண ஆணையையே முதலில் படித்தல் வேண்டும்.

சட்டத்தின் நிலை

வீட்டு மின்னேற்றத்தைப் பொறுத்தவரை நான்கு செய்திகள் அடிப்படையானவை.

முதலாவது: மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி, இடத்தின் உரிமையாளர் மட்டுமன்றி அதில் குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கும் உரிமை பெற்றவராவார்.

இரண்டாவது: மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் அளித்த விளக்கத்தின்படி, ஊர்திகளுக்கு மின்னேற்றம் செய்து கட்டணம் பெறுவது மின்சார விற்பனையன்று, ஒரு சேவை, அதற்கு விநியோக உரிமம் தேவையில்லை. இவ்விளக்கம் தொழில் முனைவோருக்கு வழிவிட்டது. ஆனால் சேவையாகக் கருதப்படுவதால் அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விழுகிறது. தம் சொந்த மீட்டரில் ஏற்றுபவருக்கு இந்த வரி இல்லை. மின்சார விற்பனைக்கு அவ்வரி விதிக்கப்படுவதில்லை.

மூன்றாவது: அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் வீட்டில் மின்னேற்றம் செய்ய இசைவளித்துள்ளன, 2022 ஜனவரி நெறிகள் ஏற்கனவே உள்ள வீட்டு இணைப்பிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தின. மகாராஷ்டிர ஆணையமும் சொந்த ஊர்தியைத் தம் இடத்தில் ஏற்றுவோருக்கு அந்த இணைப்பின் வகைக்குரிய கட்டணமே பொருந்தும் எனக் கொண்டுள்ளது. பொது மின்னேற்று நிலையங்களுக்குத் தனிக் கட்டண வகை உண்டு.

நான்காவது: நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம், ஊர்தி மின்னேற்றத்திற்கெனத் தனி இணைப்புப் பெறும் உரிமையை வழங்கியது. பெருநகரங்களில் புதிய இணைப்புத் தருவதற்கான காலவரம்பும் ஏழு நாட்களிலிருந்து மூன்று நாட்களாகக் குறைக்கப்பட்டது.

ஆக, நுகர்வோருக்கு மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் வீட்டு இணைப்பிலேயே ஏற்றுவது, ஊர்திக்கெனத் தனி இணைப்புப் பெறுவது, சங்கமோ நிறுவனமோ நடத்தும் சார்ஜரில் பணம் கொடுத்து ஏற்றுவது. எவ்வழி சிக்கனமானது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. கணக்கிட்டே காண வேண்டும்.

பில்லில் அடங்கியவை

மின் கட்டணப் பில்லில் பல உறுப்புகள் உள்ளன. பயன்படுத்தினாலும் இல்லாவிடினும் செலுத்த வேண்டிய நிலைக் கட்டணம், யூனிட்டுக்கேற்ற மின் நுகர்வுக் கட்டணம், வீலிங் கட்டணம், எரிபொருள் விலை ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டும் கட்டணம், மாநில அரசின் மின்சாரத் தீர்வை ஆகியன அவை. மகாராஷ்டிரத்தில் வீட்டு நுகர்வோர்க்குத் தீர்வை 16 விழுக்காடாகும்.

வீட்டு நுகர்வுக் கட்டணம் படிநிலைகளாக அமைந்துள்ளது. மாதத்தில் முதல் 100 யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 101 முதல் 300 வரை அதனினும் கூடுதல். 301 முதல் 500 வரை மேலும் கூடுதல். 500-க்கு மேல் உச்ச விலை. ஊர்திக்குச் செலவாகும் யூனிட்டுகள் பில்லின் அடியில் சேர்வதில்லை, உச்சியிலேயே சேர்கின்றன. பொருளியல் மாணவர் 'இறுதிநிலைச் செலவு' என்று கற்பது இதுவேயாகும்.

இனி வரும் கணக்குகளில், விளக்கத்தின் பொருட்டு, முதற்படி யூனிட்டுக்கு 4 ரூபாய், இரண்டாம் படி 8 ரூபாய், மூன்றாம் படி 11 ரூபாய் என்று கொள்ளப்பட்டுள்ளது. இவை எடுத்துக்காட்டு எண்களேயன்றி எந்த நிறுவனத்தின் நடப்பு விகிதங்களும் அல்ல. படிப்பவர் தம் பில்லில் உள்ள விகிதங்களை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாட்டுங்கா: சராசரி தரும் மயக்கம்

மாட்டுங்காவில் ஒரு குடும்பம் மாதம் 280 யூனிட் செலவழிக்கிறது என்று கொள்வோம். அதன் பில், முதல் 100 யூனிட்டுக்கு 400 ரூபாய், அடுத்த 180 யூனிட்டுக்கு 1,440 ரூபாய், ஆக 1,840 ரூபாய். சராசரி யூனிட் விலை ஏறத்தாழ 6 ரூபாய் 57 காசு. கார் வாங்க எண்ணும் குடும்பத் தலைவர் இந்தச் சராசரியை வைத்தே கணக்கிடுவது இயல்பு.

சிறிய மின் கார் ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மீட்டரில் 160 யூனிட் கூடுவதாகக் கொள்ளலாம். மொத்த நுகர்வு 440 ஆகிறது. கூடிய 160-இல் 20 யூனிட் இரண்டாம் படியிலும் 140 யூனிட் மூன்றாம் படியிலும் விழுகின்றன. செலவு 160 ரூபாயும் 1,540 ரூபாயும் சேர்ந்து 1,700 ரூபாய். காருக்குச் சென்ற மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் 60 காசுக்கும் மேல். சராசரியை நம்பியவர் 1,050 ரூபாய் என்று எதிர்பார்த்திருப்பார்.

இதே 160 யூனிட்டைத் தனி இணைப்பில், படிநிலையற்ற 8 ரூபாய் விலையிலும் 150 ரூபாய் நிலைக் கட்டணத்திலும் பெற்றால் செலவு 1,430 ரூபாய். மாதம் 270 ரூபாய் மிச்சம். ஆனால் மீட்டர் அறையிலிருந்து காரை நிறுத்தும் இடம் வரை கம்பி இழுக்கவும் மீட்டர் பொருத்தவும் 30,000 ரூபாய் ஆகுமாயின், அதை ஈடுகட்ட ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். குறைந்த விகிதம் என்ற ஒன்றைக்கொண்டே தனி இணைப்பு இலாபமானது என்று முடிவு செய்தல் பிழை என்பது இதனால் புலனாகும்.

மின்பளுவும் கவனத்திற்குரியது. 15 ஆம்பியர் பிளக்கில் இயங்கும் மெது சார்ஜர் ஏறத்தாழ 3.3 கிலோவாட் எடுக்கும். சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் சார்ஜர் 7 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும். குளிர்சாதனமும் வெந்நீர்க் கொதிகலனும் அதனுடன் சேர்ந்து இயங்கினால், பழைய கட்டடத்தின் ஒருமுனை இணைப்பு தாங்காது. அப்போது ஒப்புதல் பெற்ற மின்பளுவை உயர்த்தி, மும்முனை இணைப்புக்கு மாற நேரும். நிலைக் கட்டணமும் காப்பு வைப்புத் தொகையும் கூடும். இரவு முழுதும் கார் நிற்கும் வீட்டில் விரைவு சார்ஜருக்குத் தேவை உண்டா என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் நன்று. வைப்புத் தொகைக்கு வட்டி பெறுவது நுகர்வோரின் சட்டபூர்வ உரிமை என்பதும் நினைவிற்குரியது.

தாராவி: சிறிய பாட்டரி, பெரிய சுமை

தாராவியில் பெரும்பாலும் காணப்படுவது கார் அன்று; சரக்கும் உணவும் கொண்டுசெல்ல உதவும் ஸ்கூட்டர். அதன் பாட்டரி சுமார் 3 யூனிட் கொள்ளும். மாதம் 25 நாள் முழுமையாக ஏற்றினால், இழப்பும் சேர்ந்து, ஏறத்தாழ 85 யூனிட் ஆகும். மாதம் 60 யூனிட் செலவழிக்கும் ஏழைக் குடும்பம் தன் சொந்த மீட்டரில் ஏற்றினால் 40 யூனிட் முதற்படியிலும் 45 யூனிட் இரண்டாம் படியிலும் விழுந்து, கூடுதல் செலவு 520 ரூபாய் ஆகிறது.

ஆனால் வாடகை அறையில் வாழ்வோர் பலருக்குச் சொந்த மீட்டர் இல்லை. அறையின் உரிமையாளர் வைத்த சப்-மீட்டரில், அவர் சொன்ன விலைக்கு மின்சாரம் பெறுகின்றனர். அவ்விலை யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றால் அதே 85 யூனிட்டுக்குச் செலவு 1,020 ரூபாய். முதற்படியின் சலுகை ஏழைகளுக்கென வகுக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமையால் அது அந்த ஏழையைச் சென்றடையவில்லை.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. தாராவியில் வீடும் தொழிற்கூடமும் ஒரே அறையாக இருப்பது வழக்கம். கீழே தையல் இயந்திரமோ தோல் வேலையோ நடக்கும். மேலே குடும்பம் வாழும். இத்தகையோரைக் கருதி, வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்பவரின் நுகர்வு மாதம் 300 யூனிட்டுக்கும், முந்தைய நிதியாண்டில் 3,600 யூனிட்டுக்கும் மிகாதிருப்பின், வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்ற சலுகையை மகாராஷ்டிர ஆணையம் தன் கட்டண ஆணைகளில் அளித்து வந்துள்ளது. வரம்பைத் தாண்டினால் அவர் வணிக வகைக்கோ தொழில் வகைக்கோ மாற்றப்படலாம்.

மாதம் 270 யூனிட் செலவழிக்கும் அத்தகைய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு நுகர்வு 3,240, வரம்புக்குள் உள்ளது. பில் 1,760 ரூபாய். மகன் ஒரு மின் ஸ்கூட்டர் வாங்கி வீட்டில் ஏற்றுகிறான். மாத நுகர்வு 355, ஆண்டுக்கு 4,260. வரம்பு தாண்டியது. வீட்டு வகையே நீடித்திருந்தால் கூடுதல் செலவு 845 ரூபாய்தான். ஆனால் வகை மாறி, எல்லா யூனிட்டுக்கும் 12 ரூபாய் என்றானால், பில் 4,260 ரூபாய். ஒரு ஸ்கூட்டரின் பொருட்டு மாதம் 2,500 ரூபாய் கூடுகிறது. பெட்ரோலில் மிச்சமாகும் பணம் முழுவதையும் இது விழுங்கிவிடலாம். காரணமோ ஸ்கூட்டர் எடுத்த 85 யூனிட் அன்று. அந்த யூனிட்டுகள் மற்ற 270 யூனிட்டின் விலையையும் உயர்த்தியதே காரணம்.

இதற்குப் பரிகாரம், ஸ்கூட்டரை வாங்கும் முன்பே ஊர்திக்குத் தனி இணைப்போ, தொழிலுக்குத் தனி இணைப்போ பெறுவதாகும். குடியிருப்பவர் என்ற முறையில் விண்ணப்பிக்கும் உரிமையைச் சட்டம் தந்துள்ளது. எனினும் குடியிருப்புக்கான சான்று, மீட்டர் வைக்க இடம், நெருக்கமான சந்துகளில் தீப்பிடிக்கும் அபாயம் ஆகியவை நடைமுறைத் தடைகள். ஏற்றும்போது பாட்டரியைப் படுக்கை, துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றின் அருகில் வைத்தலும், பல பிளக்குகள் செருகிய நீட்டிப்புப் பலகையில் ஏற்றுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. சொந்த ஊர்தியை ஏற்றுவது ஒன்று. தெருவாரின் ஊர்திகளைப் பணம் பெற்று ஏற்றுவது வேறு. வீட்டு இணைப்பில் இதைச் செய்வது, அனுமதி பெறாத பயன்பாடாகக் கருதப்படக்கூடும். சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, உரிய வகையின் கட்டணத்தைப்போல் இருமடங்கு மதிப்பிட்டு வசூலிக்கலாம்.

செம்பூர்: கூட்டுறவின் பயன்

செம்பூரின் வீட்டுவசதிச் சங்கங்களில் நிலைமை வேறு. இங்கு இடர் விலையில் அன்று, இடத்திலும் இசைவிலும் உள்ளது. காரை நிறுத்துமிடம் சங்கத்தின் பொறுப்பில் இருக்க, மீட்டர் உறுப்பினர் பெயரில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே கம்பி இழுத்தால் மீட்டர் அறை சிக்கலாகும். பொதுப் பளுவும் கட்டுக்கடங்காது.

இருபது உறுப்பினர் சேர்ந்து, சங்கத்தின் பெயரில் ஒரு தனி இணைப்புப் பெற்று, பொதுக் கம்பியும் சார்ஜர்களும் அமைக்க இரண்டு இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்று கொள்வோம். தலைக்கு 10,000 ரூபாய். மாட்டுங்காக் கணக்கின்படி மாதம் 270 ரூபாய் மிச்சமாயின், மூன்றாண்டுக்குச் சற்று மேல் முதலீடு திரும்பிவிடும். ஒருவருக்கு ஒன்பது ஆண்டு எடுத்த அதே ஏற்பாடு, கூட்டாகச் செய்யின் மூன்றாண்டாகக் குறைகிறது. மத்திய அரசு 2019-இல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, புதிய கட்டடங்களில் ஊர்தி நிறுத்துமிடத்தில் 20 விழுக்காட்டை மின்னேற்ற வசதியுடன் அமைக்கப் பரிந்துரைத்தது. பழைய கட்டடங்களுக்கு இத்தகைய கூட்டு முயற்சியே வழி.

நேரத்திற்கேற்ற விலை

இரவில் மின்சாரம் மலிவு என்பது நெடுங்கால நம்பிக்கை. மகாராஷ்டிரத்தில் நேரவாரிக் கட்டணம் பொருந்திய நுகர்வோருக்கு முன்னர் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சலுகை இருந்தது. சூரிய மின்சாரம் பெருகியபின் இந்நிலை மாறிவருகிறது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய விதிகள், நாளின் எட்டு மணி நேரத்தைச் சூரிய நேரமாகக் கொண்டு அப்போது விலையை 20 விழுக்காடேனும் குறைக்கவும், உச்ச நேரத்தில் கூட்டவும் வகைசெய்தன. வேளாண்மை நீங்கலான பிற நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் முதல், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட பின்னர், இது பொருந்தும்.

பகலில் கார் அலுவலகத்தில் நிற்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் உச்ச நேரத்தில் பிளக்கில் செருகப்படுகிறது. மலிவான நேரமும் வீட்டில் இருக்கும் நேரமும் பொருந்தவில்லை. அலுவலகங்களிலும் இரயில் நிலைய நிறுத்தங்களிலும் பகல் மின்னேற்ற வசதி பெருகினாலன்றி, வீட்டு நுகர்வோர் இச்சலுகையை முழுதும் பெற இயலாது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், வார நாட்களில் மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை தாமாக ஏற்றத் தொடங்காதவாறு முன்னமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம், விரும்புவோர் மாற்றிக்கொள்ளலாம். நுகர்வோரின் நினைவை நம்பாமல் கருவியிலேயே சிக்கனத்தை அமைக்கும் முறை இது.

கையெழுத்திடும் முன்

சார்ஜரைப் பொருத்தித் தரும் திட்டங்களை மின் நிறுவனங்களும் அவற்றைச் சார்ந்த கம்பெனிகளும் நடத்துகின்றன. அமெரிக்காவின் ஆஸ்டின் நகராட்சி மின் நிறுவனம், மாதம் 30 டாலர் கட்டினால் உச்ச நேரமல்லாத வேளைகளில் வீட்டில் எவ்வளவும் ஏற்றிக்கொள்ளலாம் என்ற சோதனைத் திட்டத்தை நடத்தியது. உச்ச நேரத்தில் ஏற்றினால் தனிக் கட்டணம். இத்தகைய மாதாந்தரத் தொகை நிறைய ஓட்டுபவருக்கு இலாபம், குறைவாக ஓட்டுபவருக்கு நட்டம். எத்திட்டமாயினும் கீழ்க்கண்டவற்றை ஒப்பந்தத்தில் தேடிக் காண வேண்டும்.

1. சார்ஜர் யாருடைய உடைமை? வாடகைக்கா, தவணைக்கா, முழு விலைக்கா?

2. ஒப்பந்தக் காலம் எவ்வளவு? இடையில் விலகினால் செலுத்த வேண்டியது என்ன?

3. யூனிட் விலை ஆணையத்தின் விகிதமா, அதன்மேல் சேவைக் கட்டணம் உண்டா? வரி சேர்த்தா, நீக்கியா?

4. விலையை மாற்றும் அதிகாரம் யாருக்கு? எத்தனை நாள் முன்னறிவிப்பு?

5. உச்ச நேரத்தில் நிறுவனம் தொலைவிலிருந்து மின்னேற்றத்தைக் குறைக்கலாமா? அதற்கு ஈடாகச் சலுகை உண்டா?

6. பழுதானால் எத்தனை நாளில் சீர்செய்யப்படும்? தீ விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

7. வீடு மாறினாலோ வாடகைதாரர் சென்றாலோ ஒப்பந்தம் என்னாகும்?

இவற்றுள் மூன்றாவது வினாவே முதன்மையானது. 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று கூறப்படும் விலையில் தீர்வையும் வரியும் அடங்கவில்லையெனில், ஒப்பீடு பொருளற்றுப் போகும்.

குறை நேர்ந்தால் முதலில் நிறுவனத்திடமும், பின்னர் நுகர்வோர் குறைதீர் மன்றத்திடமும், அதன்பின் மின்சாரக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம். இவ்விரு அமைப்புகளும் சட்டத்தின் 42-ஆம் பிரிவின் கீழ் ஏற்பட்டவை. ஆனால் இவை மின் விநியோக ஒப்பந்தத்திற்கே உரியவை. சார்ஜரை விற்ற தனிக் கம்பெனிமீதான குறையை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமே கொண்டுசெல்ல வேண்டும். சப்-மீட்டரில் மின்சாரம் பெறுபவர் நிறுவனத்தின் ஏடுகளில் நுகர்வோராகவே இல்லாதிருப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

முடிவுரை

மூன்று பகுதிகளின் கணக்கும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. மாட்டுங்கா குடும்பம் தவறாகக் கணக்கிட்டால் மாதம் சில நூறு ரூபாய் இழக்கும்; தாங்கிக்கொள்ளும். செம்பூர் சங்கம் கூடிப் பேசினால் செலவு குறையும். தாராவியின் தொழிற்கூடக் குடும்பமோ, ஒரு வரம்பை அறியாது தாண்டியதால் மாதச் செலவில் 2,500 ரூபாய் கூடுதலாகச் சுமக்கும். மிகச் சிறிய பாட்டரியை வைத்திருப்பவருக்கே மிகப் பெரிய இடர் நேர்கிறது.

ஆகவே மின் ஊர்திக்கு மானியம் வழங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. வாடகை அறையில் இருப்பவருக்கும் அவர் பெயரிலேயே மீட்டர் கிடைப்பதும், சிறுதொழில் செய்யும் வீடுகளில் ஊர்தி யூனிட்டுகளைத் தனியே அளந்து 300 யூனிட் வரம்பில் சேர்க்காதிருப்பதும், மின் பில்லின் மொழி வாடிக்கையாளருக்குப் புரிவதும் வேண்டும். விதிகளைச் செயற்படுத்தும் அலுவலர், இணைப்பு விண்ணப்பம் தம் மேசைக்கு வரும்போது, அதன் பின்னே நிற்பவர் எந்த அறையில் வாழ்கிறார் என்பதையும் கருத வேண்டும். ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஏறினால்தான் சட்டம் தந்த சலுகை அவர் கைக்கு எட்டும்.